கருப்பு மிதி மிஷினில் ஹேண்ட்மேட் பேப்பர் அட்டை தைக்கிறேன், வளைவில் கிழிகிறது. என்ன செய்வது?

கோத்தகிரிக்காரி:

வணக்கம். துணி தைப்பவர்களும் காகித வேலை செய்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். கையால் செய்த பருத்திக் காகிதம், ஓரம் பிசிறுபிசிறாக இருக்குமே, அந்த வகை. 250 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 250 கிராம். ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஒரு அட்டை. இதுவரை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தேன். இப்போது நூலில் தைத்துப் பார்க்க ஆசை. தேயிலைத் தோட்டத்தை மேட்டிலிருந்து பார்த்தால் செடி வரிசை வளைந்து வளைந்து போகும் இல்லையா, அதைப் பச்சை நூலில் மிஷினில் ஓட்ட வேண்டும். நடுவில் சில்வர் ஓக் மரத்துக்கு நாலு நேர்க்கோடு. அவ்வளவுதான் டிசைன்.

மிஷின் மாமியாருடையது. கருப்பு மிதி மிஷின், நேர்த்தையல் மட்டும் வரும். ஜாக்கெட், பாவாடை எல்லாம் இன்றைக்கும் அழகாகத் தைக்கிறது. காகிதத்தை வைத்தால்தான் தகராறு.

நேர்க்கோடு ஓரளவு வருகிறது. வளைவு வந்ததும் தையல் வரிசையோடு தாள் பிரிந்துவிடுகிறது. அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. உள்பக்கம், தாளை நகர்த்துகிற மிஷின் பல் பட்ட தடம் இரண்டு வரிசையாகத் தெரிகிறது, அந்த இடத்தில் பேனாவால் எழுதினால் மை பரவுகிறது. முடிவில் ரிவர்ஸ் அடித்தால் முனை பெரிய ஓட்டையாகிறது. அடிக்காமல் விட்டால் நூல் உருவிக்கொண்டு வருகிறது. 16 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் ஜாக்கெட்டுக்கு வைப்பதுதான்.

குன்னூரில் ஒரு கடைக்காரர் மே மாதம் பழக்கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் அட்டை வேண்டும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: தோடர் எம்பிராய்டரி மாதிரி சிவப்பு, கருப்பு நூலில் மிஷினிலேயே போட்டுக் கொடுத்தால் டூரிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்களாம். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் சரியான பதில் சொல்லவும் தெரியவில்லை.

புது மிஷின் வாங்கினால் இதெல்லாம் தீருமா? யாராவது சொல்லுங்கள்.

கோவை ஹாபி:

கம்ப்யூட்டர் மிஷின் வாங்கிவிடுங்கள் மேடம். ஸ்பீடு கன்ட்ரோல் இருக்கும், ஊசி மேலே நிற்க வேண்டுமா கீழே நிற்க வேண்டுமா என்று பட்டனில் சொல்லிவிடலாம், டிசைன் தையலும் வரும். பழைய மிஷினில் காகிதம் தைப்பது நேர விரயம்.

குன்னூர் தையல்காரன்:

அம்மிணி, புது மிஷின் வாங்காதீர்கள். கோவைத் தம்பி சொன்ன வசதியெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் டிசைனுக்கு நேர்த்தையலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தைத் திருப்பினால் ஒவ்வொரு தையலாக இறக்கலாம். காகிதத்துக்கு அதைவிட நல்ல ஸ்பீடு கன்ட்ரோல் கிடையாது.

நான் கீழ் பஜார் பக்கம் கடை வைத்திருந்தவன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், வெலிங்டனிலிருந்து வரும் ஆல்டரேஷன், இவைதான் வாழ்நாள் வேலை. இப்போது பெரிய வேலை எடுப்பதில்லை. ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு டைரி மேலட்டையும் கிஃப்ட் டேக்கும் காகிதத்தில் தைத்துக் கொடுக்கிறேன். அந்தக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன்.

துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். ஊசி ஏறியதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். காகிதத்தில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான், மூடாது. உங்கள் தொல்லைகளில் முக்கால்வாசி இதிலிருந்து வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசி உறையில் 100/16 என்று எழுதியிருக்கும். அந்த 100 என்பது ஊசியின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கணக்கில். ஆக 16 நம்பர் என்றால் முழுசாக 1 மில்லிமீட்டர். 14 நம்பர் 0.9, 11 நம்பர் 0.75. ஜாக்கெட்டுக்கு வைக்கிற தையல் அங்குலத்துக்கு 12 இருக்கும், அதாவது 2 மில்லிமீட்டருக்கு ஒரு குத்து. 2 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் அந்தக் கோட்டில் பாதிக் காகிதம் போய்விட்டது. ரசீது புத்தகத்தில் கிழிப்பதற்காகப் போடுகிற துளை வரிசைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அப்புறம் மடிக்கும்போது பிரியாமல் என்ன செய்யும்? அதே கோட்டில் 11 நம்பர் ஊசி போட்டு, அங்குலத்துக்கு 6 தையல் வைத்தால் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஒரு குத்து. ஐந்தில் ஒரு பங்குகூட ஓட்டை இல்லை.

தையல் நீளத்தை மாற்றுகிற லிவர் பக்கத்துத் தகட்டில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், சில மிஷினில் அது மில்லிமீட்டர், சிலவற்றில் அங்குலக் கணக்கு, பலவற்றில் தேய்ந்தே போயிருக்கும். ஒரு வேஸ்ட் தாளில் ஓட்டி, ஸ்கேல் வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை குத்து என்று எண்ணுங்கள். 6 அல்லது 7 வந்தால் லிவரை அங்கேயே நிறுத்துங்கள். வளைவு ரொம்ப நெருக்கமாக இருந்தால் 8 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். நீளத் தையலில் வளைவு மழுங்கும், கோணல் கோணலாகத் தெரியும் என்று பயப்படுவீர்கள். தேயிலை வரிசையே அப்படித்தானே இருக்கிறது, விடுங்கள்.

ஊசி புதிதாக இருக்கட்டும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும், மழுங்கிய ஊசி குத்தாமல் நெட்டித் தள்ளும், அடிப்பக்கம் ஓட்டையைச் சுற்றி மேடு தட்டும். அந்த மேட்டை விரலால் தடவினால் சொரசொரவென்று தெரிந்துவிடும், அப்போதே ஊசியை மாற்றிவிடுங்கள். காகிதத்துக்குப் போட்ட ஊசியைத் திரும்ப ஜாக்கெட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், பட்டுத் துணியில் இழை இழுத்துவிடும். நான் காகித ஊசியின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து அடையாளம் பண்ணியிருக்கிறேன். கடையில் கேட்கும்போது வீட்டு மிஷின் ஊசி, ஒரு பக்கம் தட்டையாக இருப்பது என்று கேளுங்கள். பவர் மிஷின் ஊசியின் தலை முழு உருளை, உங்கள் மிஷினுக்கு ஆகாது. மாட்டும்போது ஊசி உடம்பில் நீளப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து நூலைக் கோர்க்க வேண்டும். பள்ளம் மாறியிருந்தால் தையல் விட்டு விட்டுத்தான் விழும். தோல் தைக்கிற ஊசியை யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அதன் முனை கத்தி மாதிரி வெட்டிவிடும்.

அடியில் சுருள் நிற்பது தாளின் குற்றமில்லை, மேல்நூலில்தான் கோளாறு. பிரஷர் ஃபுட்டை, அதாவது துணியை அழுத்திப் பிடிக்கிற காலை, தூக்கிவிட்டு நூலைக் கோர்த்தீர்களா என்று பாருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் ஒட்டியபடி இருக்கும், நூல் அதற்கு நடுவில் உட்காராது, பிடிப்பே இல்லாமல் ஓடி அடியில் குவியும். அதைச் சரிசெய்த பிறகு டென்ஷனை ஜாக்கெட்டுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் இளக்குங்கள். ரொம்ப இறுக்கினால் இரண்டு குத்துக்கு நடுவில் நூல் தாளை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இன்னொரு விஷயம், துணியில் மேல்நூலும், அடியில் பாபினிலிருந்து வருகிற நூலும் முடிச்சுப் போடுகிற இடம் துணியின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் தாளில் ஒளிய இடமில்லை. எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் புள்ளி தெரியத்தான் செய்யும். அதனால் பாபினிலும் அதே பச்சை நூலைச் சுற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

நூல் பருத்தியாக இருந்தால் நல்லது. பாலியஸ்டர் அறுந்துபோகாது, தாள்தான் அறுந்துபோகும். பருத்தி நூலை இழுத்தால் முதலில் நூல் அறும், அட்டை பிழைத்துக்கொள்ளும்.

ரிவர்ஸ் அடிக்கவே கூடாது. ஏற்கெனவே குத்திய இடத்தில் இன்னும் இரண்டு குத்து எதற்கு? தொடக்கத்திலும் முடிவிலும் நாலு விரற்கடை நூல் விட்டு வெட்டுங்கள். அட்டையின் உள்பக்கத்தில் பாபின் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மேல்நூல் சின்ன வளையமாக எட்டிப் பார்க்கும். ஊசி முனையால் அதை வெளியே எடுத்து, இரண்டு நூலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மேலே பசை தொட்டும் தொடாமல் ஒரு புள்ளி. காய்ந்ததும் ஒட்ட நறுக்குங்கள்.

பல் தடத்துக்கு மருந்து மிஷினின் தலையில் இருக்கிறது. பிரஷர் ஃபுட் கம்பிக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும், ஆயுசில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அதைக் கொஞ்சம் மேலே திருப்பினால் அழுத்தம் குறையும். அதிகம் திருப்பினால் ஊசி ஏறும்போது தாளும் கூடவே ஏறும். ஊசி ஏறத் தொடங்கும்போதுதான் நூல் வளையம் விரியும், அடியில் ஆடுகிற ஷட்டிலின் முனை அதைப் பிடிக்க வேண்டும். தாள் தூக்கிக்கொண்டால் வளையம் விரியாது, தையல் விட்டுப்போகும். ஆகவே தடம் விழாத அளவுக்கு மட்டும் இளக்குங்கள். அப்படியும் விழுந்தால் தாளுக்கு அடியில் பட்டர் பேப்பர் வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். கிழிக்கும்போது தையலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளைவில் தாளை இழுக்காதீர்கள். ஊசி உள்ளே இருக்கும்போது தாளை நகர்த்தினால் வட்ட ஓட்டை நீள ஓட்டையாகும். ஊசி மேலே இருக்கிற நேரத்தில் துளித் துளியாகத் திருப்புங்கள். மிதித்துக்கொண்டே திருப்புவது துணிப் பழக்கம். முதல் சில அட்டைகளுக்குக் கைச்சக்கரத்தில் ஓட்டுங்கள், கை தானாகப் பழகிவிடும்.

கோத்தகிரிக்காரி:

அண்ணா, எந்த டெய்லரும் எனக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. டென்ஷன் தட்டில் நூல் உட்காரவே இல்லை, நீங்கள் சொன்னதுதான் சங்கதி. இப்போது அடியில் சுருள் இல்லை.

இரண்டு சந்தேகம். வரிசைக்கும் வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம்? அப்புறம், ஒரே கட்டில் வந்த தாள்களில் சில நன்றாகத் தைக்கிறது, சில பஞ்சு மாதிரி பிய்கிறது. அது ஏன்?

குன்னூர் தையல்காரன்:

அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி டிசைன் வேண்டாம், வெட்டினாலும் ஒரே குத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பு வரும் இடத்தின் மேல் தையல் ஓடக் கூடாது. தாளைப் பற்றித் தாள்காரர்கள் சொல்லட்டும்.

கொடை காகிதக்காரி:

நான் கொடைக்கானல் பக்கம். ஒரு சின்னக் கூடத்தில் தாள் போடுகிறோம், திருப்பூர் பனியன் வெட்டுத்துணிதான் மூலப்பொருள். டெய்லர் அண்ணன் ஊசியைச் சொல்லிவிட்டார், நான் தாளைச் சொல்கிறேன்.

பஞ்சு மாதிரி பிய்கிற தாளில் சைசிங் சரியாக ஏறியிருக்காது. கூழில் அல்லது தாளின் மேல் ஒரு பசைப்பொருள் சேர்ப்போம், அதுதான் இழைகளின் மேல் படிந்து மை ஊறாமல் தடுக்கும், மேற்புறம் பஞ்சு கிளம்பாமலும் பிடிக்கும். சோதிப்பது சுலபம். தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு உருண்டு நின்றால் சைசிங் இருக்கிறது. வைத்த உடனே உறிஞ்சிக் கருத்துப்போனால் இல்லை. பல் தடத்தில் மை பரவுகிறது என்றீர்களே, அங்கே பல் அழுத்தி மேற்புறத்தைக் கீறிவிட்டது, உள்ளே இருக்கிற இழை வெளியே வந்துவிட்டது. அதே காரணம்தான்.

அடுத்தது காலண்டரிங். காய்ந்த தாளை உலோகத் தகடுகளுக்கு நடுவில் வைத்து உருளையில் ஓட்டுவோம், வழவழப்பு வரும், இழை இறுகும். சொரசொரப்பான தாள் பார்க்க அழகு, வாட்டர்கலருக்கு அருமை, மிஷின் தையலுக்கு ஆகாது. வாங்கும்போது காலண்டர் செய்த தாள் என்று கேளுங்கள். புதுச்சேரித் தாள், சங்கனேர்த் தாள் இரண்டிலும் இந்த இரு வகையும் கிடைக்கும். பூவிதழ், புல் கலந்த தாளைத் தவிர்த்துவிடுங்கள். காம்பு இருக்கும் இடத்தில் ஊசி பட்டால் காம்பு பெயர்ந்து வரும், பக்கத்தில் ஒரு குழி விழும்.

ஒரு நல்ல செய்தி. மில் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், அந்தத் திசையில் எளிதாகக் கிழியும். நாங்கள் சல்லடைச் சட்டத்தைத் தூக்கும்போது முன்னும் பின்னும், இடமும் வலமும் குலுக்குவதால் இழைகள் எல்லாப் பக்கமும் பின்னிக்கொள்ளும். பருத்தி இழை நீளமும் கூட. அதனால் கோட்டை எந்தத் திசையில் ஓட்டினாலும் கவலை இல்லை. அதே 250 ஜிஎஸ்எம் மில் அட்டையில் உங்கள் வளைவை ஓட்டியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இனி ஈரம். நம் இரண்டு மலைக்கும் இதுதான் பெரிய எதிரி. உங்களுக்கும் எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும், ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடியில். பருத்திக் காகிதம் மூடுபனியைக் குடித்துவிடும். ஈரம் ஏறிய தாள் தொய்ந்துவிடும், பல் இன்னும் ஆழமாகப் பதியும், ஊசி குத்தும்போது சத்தமே மந்தமாக இருக்கும். தைத்த பிறகு காய்ந்தால் தாள் சுருங்கும், நூல் சுருங்காது, அட்டை அலையலையாக நெளியும். ஆகவே தாளைத் தைப்பதற்கு முன்பே காய வைக்க வேண்டும், தைத்த பிறகு அல்ல. மெல்லிய மல் துணியை மேலே போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி எடுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம். சூடு ஆறியதும் உடனே தையுங்கள். மிச்சத் தாளைத் தகர டிரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுவரை ஒட்டின மர ஷெல்ஃபில் வைத்தீர்களானால் பூஞ்சை பிடிக்கும், மலைவீட்டுச் சுவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊட்டி பைண்டர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மேலே இன்னொரு தாளை வைத்துத் தைப்பதாக இருந்தால் குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டையும் நிரந்தரம்தான். இரட்டைப் பக்க டேப்பும் வேண்டாம், பசை ஊசியில் ஏறி நூல் மாட்டும். ஓரத்தில் க்ளிப், அல்லது கோட்டுக்குத் தள்ளி க்ளூ ஸ்டிக் லேசாக. ஏற்கெனவே ஊசியில் பசை ஏறியிருந்தால் நம்ம ஊர்த் தைலமே போதும். துணியில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டுத் துடைத்தால் பிசுக்கு போய்விடும், நான் கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். துடைத்த ஊசியை வேஸ்ட் துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டுத் தாளுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் தைலக் கறை விழும்.

ரொம்பச் சின்ன வளைவு, பூ, எழுத்து மாதிரி இருந்தால் நூலே கோர்க்காமல் மிஷினில் ஓட்டுங்கள். ஓட்டை மட்டும் ஒரே இடைவெளியில் விழும். அப்புறம் கையால் எம்பிராய்டரி நூலைக் கோர்த்து இழுக்கலாம். டென்ஷன் தொல்லையே இல்லை, பார்க்கவும் கைவேலை. நேரம் கூட ஆகும், அதற்கு ஏற்ற விலை வையுங்கள்.

பேக்கிங்குக்குக் கண்ணாடிக் கவர் போட நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரியில் எவ்வளவு கெடுபிடி என்று தெரியும்தானே, கடைக்காரர் வாங்க மாட்டார். அட்டையின் இடுப்பில் ஒரு காகிதப் பட்டை சுற்றினால் போதும். தையல் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் பட்டர் பேப்பர்.

கோத்தகிரிக்காரி:

தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தேன் அக்கா. பிய்கிற தாள்கள் எல்லாம் உடனே உறிஞ்சுகிறது. அவற்றை வாட்டர்கலருக்கே ஒதுக்கிவிட்டேன்.

தபாலில் அனுப்பினால் எடை அதிகமாகுமா? அப்புறம் தோடர் டிசைன் பற்றி யாரும் சொல்லவில்லை.

கொடை காகிதக்காரி:

எடையை நீங்களே கணக்குப் போடலாம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஏ5 முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 250-ஐ 32-ஆல் வகுத்தால் 8 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. உறை ஒரு 5 கிராம். நூலுக்கு எடையே இல்லை. சாதாரணக் கடிதத்தின் முதல் படி 20 கிராம், தாராளமாக அடங்கும். கையால் செய்த தாள் என்பதால் தாளுக்குத் தாள் எடை மாறும், உள்ளே இன்னொரு தாள் வைத்தால் மட்டும் தராசில் போட்டுப் பாருங்கள். முடிச்சு உள்பக்கம் இருக்கட்டும், வெளியே இருந்தால் உறையில் புடைத்து முத்திரை குத்தும்போது அட்டையில் தடம் விழும்.

குன்னூர் தையல்காரன்:

தோடர் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து மந்துகளிலிருந்து, அதாவது தோடர் குடியிருப்புகளிலிருந்து, அந்தப் பெண்கள் சால்வை கொண்டுவந்து விற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன். அவர்கள் டிசைனை வரைந்துகொண்டு தைப்பதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி எண்ணி, சிவப்பிலும் கருப்பிலும் ஊசியை விடுவார்கள். எண்ணிக்கை ஒன்று தப்பினால் வரிசையே தப்பும். தையல் தொழிலில் ஊறின எனக்கே அது கைவராது. காகிதத்தில் எண்ணுவதற்கு இழையே கிடையாது. அப்படியிருக்க, மிஷினில் ஓட்டியதை எந்தக் கணக்கில் தோடர் எம்பிராய்டரி என்பது? அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும், அதாவது அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும், கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு மிஷின் அட்டை விற்றால் கடைக்காரருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. அவரிடம் இதையே சொல்லுங்கள். அவருக்குத் தோடர் வேலைதான் வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடம் சின்னத் துணித் துண்டில் போட்டு வாங்கி, அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து, அட்டையில் பதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் சுற்றி ஓரம் தைப்பதற்கு உங்கள் மிஷின் போதும்.

கோவை ஹாபி:

சிவப்பும் கருப்பும் யாருக்கும் சொந்தமில்லையே ஐயா? கோடு கோடாகப் போட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

குன்னூர் தையல்காரன்:

நிறம் யாருக்கும் சொந்தமில்லை தம்பி. சிவப்பு, கருப்பில் கோடு போட்டு, கோடு என்று சொல்லி விற்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் அப்படிக் கேட்கவில்லை. பெயரை வைத்துத்தான் விற்கப் பார்க்கிறார்.

கோத்தகிரிக்காரி:

சரி அண்ணா, அவரிடம் தேயிலை வரிசை மட்டும்தான் தருவேன் என்று சொல்லிவிடுகிறேன். மந்துப் பெண்களிடம் துணித் துண்டு கேட்பது நல்ல யோசனை, எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அந்தப் பக்கம் இருக்கிறார், விசாரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. மிஷினுக்கு எண்ணெய் விட்ட மறுநாள் அட்டையில் கறை படுகிறது. எண்ணெய் விடாமல் இருக்கலாமா?

குன்னூர் தையல்காரன்:

விடாமல் இருக்காதீர்கள். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஷட்டில் துருப்பிடித்துவிடும். காகிதம் தைத்தால் முன்னைவிட அடிக்கடி சுத்தம் பண்ண வேண்டும். ஊசித்தட்டைக் கழற்றினால் பல்லுக்கு நடுவில் வெள்ளை மாவு மாதிரி காகிதத்தூள் அடைத்திருக்கும். எண்ணெய் பட்டால் அது களிம்பாகி இறுகிவிடும், அதனால் முதலில் பழைய டூத் பிரஷால் தூளை எடுத்துவிட்டு, பாபின் கேஸையும் துடைத்துவிட்டு, பிறகுதான் எண்ணெய். வாயால் ஊதாதீர்கள், தூள் இன்னும் உள்ளேதான் போகும். ஷட்டில் ஓடுகிற பாதையில் ஒரு சொட்டு, ஊசிக் கம்பியில் ஒரு சொட்டு போதும். மாலையில் விட்டு, பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் ஒரு பனியன் துண்டை வைத்து மூடிவிடுங்கள். காலையில் அதே துண்டில் நூலில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். துண்டில் எண்ணெய்ப் புள்ளி விழுவது நின்ற பிறகு தாளை வையுங்கள்.

ஊசிக் கம்பியிலிருந்துதான் சொட்டு இறங்கும். அதை ஒருமுறை துணியால் சுற்றித் துடைத்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்.